பிரேக் பேட் மாற்ற இரண்டு ஸ்பேனர் போதும் என்றார்கள்

போன மார்கழியில், பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாக, வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். மதியம் கைப்பேசிக்கு வந்த எஸ்டிமேட்டில் முன்பக்க பிரேக் பேட் ஒரு செட், பின்பக்க பிரேக் பேட் ஒரு செட், டிஸ்க் சுத்தம் செய்யும் கட்டணம், கூலி என்று வரிசையாகப் போட்டு 9,400 ரூபாய் என்று முடித்திருந்தார்கள். டிஸ்க் சுத்தம் செய்யும் கட்டணத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் வண்டியின் பின்சக்கரங்களில், பேட் கவ்விப் பிடிக்கும் சுழல் தட்டான டிஸ்க்கே கிடையாது. இங்கே ஓடும் பெரும்பாலான சிறிய கார்களைப் போலவே அதற்கும் பின்னால் இருப்பது டிரம்; டிரம்முக்குள் இருப்பது லைனர் ஒட்டிய ஷூ. இல்லாத இடத்தில் இல்லாத பொருளை மாற்றுவதற்கு விலை சொன்னவர்கள், இருக்கிற இடத்தில் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்த பிறகு வண்டியை அங்கே விட்டுவைக்க மனம் வரவில்லை. எண்ணெய் மட்டும் மாற்றச் சொல்லி, சாயங்காலமே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகிறவர்களுக்கு பிரேக்கைப் பற்றிய கவலை சும்மா வருவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் சேலத்துக்கு இறங்கும் வழியில், தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய் வருகிறது. அங்கே லாரிகள் நிலைதடுமாறிய செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். முன்னால் சரக்கு லாரி, பின்னால் ஆம்னி பஸ், நடுவில் குடும்பத்தோடு நாம் இறங்கும்போது, காலுக்கடியில் இருக்கும் பெடல் எதை அழுத்துகிறது என்பது தெரிந்திருந்தால் நல்லது என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம் இருந்தது.

நான் இருப்பது அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில். எங்கள் தெருமுனையில் நாற்பது வருடமாக வண்டி வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வாக இருக்கும் ஒருவரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிடுவோம். அவரிடம் போய், "பேட் நானே மாத்தலாம்னு இருக்கேண்ணே, என்னென்ன சாமான் வாங்கணும்?" என்று கேட்டேன். "என்ன பெரிய சாமான், ரெண்டு ஸ்பேனர், ஒரு ஜாக்கி. அரை மணி நேர வேலை தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பழைய பேட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிடுவதற்கு அவ்வளவுதான் தேவை. ஆனால் அந்த இரண்டு ஸ்பேனருக்குப் பின்னால் அவருடைய நாற்பது வருடக் கை இருக்கிறது. எந்த நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்று அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். பேட் இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று கண்ணுக்குத் தெரியும். பேட்டைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரை ஆட்டிப் பார்த்தாலே, அது சறுக்கும் பின் காய்ந்திருக்கிறதா என்று தெரியும். என் கையில் அவை எதுவும் இல்லை. அவர் கையில் இருப்பதை நான் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. என்னுடைய பட்டியல் அவருடையதைவிட நீளமாகப் போனதற்குக் காரணம் அதுதான்.

கருவிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்; அது தெரியாமல் எந்தக் கருவி எதற்கு என்பது விளங்காது. நம் ஊர்ச் சிறிய கார்களின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் ஒற்றை பிஸ்டன் கொண்ட, நகரும் வகைக் கேலிப்பர்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் உள்பக்க பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது, அந்த எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் சறுக்கி வந்து வெளிப்பக்க பேட்டையும் இழுத்து அழுத்துகிறது. பாக்குவெட்டியில் பாக்கு அகப்படுவதைப் போல டிஸ்க் இரண்டுக்கும் நடுவே அகப்படுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளிப்படும் வெப்பம், அறைச் சூட்டில் இருக்கும் 400 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒவ்வொரு சிக்னலிலும் இரண்டு மூன்று தம்ளர் வெந்நீர் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கைத் தாங்குவது முன்சக்கரத்தின் நான்கு பேட்கள்.

முதலில் வாங்கியது, பேட்டுக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத ஜாக் ஸ்டாண்ட். டிக்கியில் ஸ்டெப்னியோடு வரும் கத்தரி ஜாக்கி, நடுவழியில் பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் காலடி உள்ளங்கை அகலம்கூட இருக்காது. பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் சாய்ந்துவிடும். பிரேக் வேலையிலோ, இறுகிப் போன போல்ட்டை உடல் பலத்தோடு இழுப்பதுதான் முதல் காரியம். அதாவது தூக்கி நிறுத்திய வண்டியை நாமே பக்கவாட்டில் அசைக்கிறோம். ஆகவே ஜாக்கியால் தூக்கி, கதவுக்கடியில் உற்பத்தியாளர் குறித்திருக்கும் இடத்துக்குக் கீழே ஸ்டாண்டை நிறுத்தி, எடையை அதன் மேல் இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். முன்பக்க மூலை ஒன்றில் இருக்கும் எடை 300 கிலோவுக்குள்தான் வரும் என்பதால் 2 டன் ஸ்டாண்டே தாராளம். டன் கணக்கைவிட, நான்கு கால்களும் அகலமாக விரிந்திருக்கிறதா, பல் பூட்டோடு கூடுதலாகக் குறுக்குப் பின் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முக்கியம். கழற்றிய சக்கரத்தையும் சும்மா சுவரில் சாய்த்து வைக்காமல் வண்டிக்கடியில் படுக்க வைத்துவிடுவேன். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அதன் மேல்தான் விழும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். எங்கள் தெருவே ஏரியை நோக்கிச் சரிகிறது. வீட்டு முன்னால் பதித்த இன்டர்லாக் கற்கள் ஸ்டாண்டின் காலடியில் ஒன்று அமுங்கி ஒன்று எழும்பும். தார் ரோடு வெயிலில் இளகும். நண்பர் ஒருவரின் அடுக்ககத்தில் அடித்தளக் கார் நிறுத்தம் கண்ணாடி போலப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். அங்கே ஜாக்கியே வழுக்குகிறது. கடைசியில் என் தங்கை வீட்டுச் சிமென்ட் தரைதான் கைகொடுத்தது. பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க எல்லோரும் செங்கலைத் தேடுவார்கள். செங்கல் உடையும். தச்சரிடம் சொல்லி ஆப்பு வடிவில் வெட்டி வாங்கிய இரண்டு மரக்கட்டைகளுக்கு 100 ரூபாய்தான் ஆயிற்று.

மற்ற சாமான்களுக்காக ஒரு சனிக்கிழமை ஜேசி ரோடு போனேன். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும் அந்தச் சாலையில் உதிரிபாகக் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. "யாவ காடி, யாவ மாடல்?" என்று வண்டியையும் மாடலையும் கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் பெட்டியை எடுத்து மேஜையில் போட்டுவிடுவார்கள். நான் அவசரப்படாமல் பழைய ரசீதில் குறித்துவைத்திருந்த பாக எண்ணைக் காட்டிச் சரிபார்த்து வாங்கினேன், ஏனென்றால் ஒரே பெயருள்ள வண்டிக்கு ஆண்டைப் பொறுத்துப் பேட் வடிவம் மாறுவதுண்டு. பேட் எப்போதும் ஒரு அச்சுக்கு, அதாவது இடது வலது இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதியதானால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது முகவரியில் சென்னை, பாடி என்றிருந்தது. லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அந்தப் பாடியில்தான் இருக்கின்றன. ரானேயின் பிரேக் லைனிங் தொழிற்சாலை பக்கத்திலேயே அம்பத்தூரில். சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் கடந்த ஊரின் பெயரைத் தாங்கியபடி, பெங்களூர்க் கடையில் என் கைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பேட்.

ஸ்பேனர்களுக்கு நான் செலவழிக்கவில்லை. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்த அப்பா விட்டுப்போன மரப்பெட்டியில், எண்ணெய்த் துணி சுற்றிய நாசிக் தப்பாரியா ரிங் ஸ்பேனர்கள் அப்படியே இருந்தன. என் வண்டியில் சக்கர நட்டு 19 மில்லிமீட்டர், கேலிப்பர் போல்ட் 14. வேறு நிறுவன வண்டிகளில் சக்கர நட்டு 21-ஆகவும் கேலிப்பர் போல்ட் 12-ஆகவும் இருக்கலாம். அளவு எதுவானாலும், வாய் திறந்த ஸ்பேனரை இறுகிய போல்ட்டில் போடாதீர்கள். அது இரண்டு முகங்களை மட்டும் பிடிக்கும். நான்கைந்து முறை வழுக்கினால் ஆறு முனையும் மழுங்கி, பிறகு வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ரிங் ஸ்பேனரோ ஆறுமுக சாக்கெட்டோ எல்லா முனையையும் கவ்வும். திறந்த வாய் ஸ்பேனருக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. கேலிப்பர் போல்ட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் சறுக்குப் பின்னும் கூடவே சுற்றும்; அதைப் பிடித்து நிறுத்த மெல்லிய 17 ஸ்பேனர் ஒன்று வேண்டும். தடித்த ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. இந்தச் சிறு விஷயம் எனக்கு முன்கூட்டியே தெரியாததால், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் வரை போய்வந்தேன்.

சக்கர நட்டுக்கு நீளமான கைப்பிடியும் தேவை. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். போன முறை காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் டிக்கியில் இருக்கும் குட்டை எல் ஸ்பேனரால் அவற்றை அசைக்க முடியாது. சிலர் அதன் மேல் ஏறி நின்று குதிப்பார்கள். அரை இன்ச் சாக்கெட் பிடியும் இரண்டடிக் கம்பியும் இருந்தால் குதிக்க வேண்டியதில்லை. சக்கரம் நடுவில் துரு பிடித்து ஒட்டியிருந்தால் ரப்பர் சுத்தியலால் தட்டினால் விடும். கடற்காற்று இல்லாத ஊர் என்பதால் இங்கே அந்தத் தொல்லை குறைவு. சென்னையில் ஓடிய பழைய வண்டியை வாங்கியவர்களுக்கு மட்டும் இந்த வரி.

கேலிப்பரைக் கழற்றிய அடுத்த நொடி கையில் இருக்க வேண்டியது ஒரு முழம் கட்டுக்கம்பி. பலர் இதைக் கருவி என்றே நினைப்பதில்லை. கேலிப்பர் ரப்பர்க் குழாயில் தொங்கும்படி விட்டால் அதன் எடை முழுவதும் குழாயின் உள்சுவரில் இறங்கும்; வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை பிரியும். பின்னால் பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்கு இப்படி நைந்த குழாயும் ஒரு காரணம். என் வண்டியில் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றினால் கேலிப்பர் கதவு போல மேலே திறக்கும். அப்போதும் சுருள்வில்லோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

இனி சி கிளாம்ப், அதாவது திருகால் இறுக்கும் சி வடிவப் பிடி. பழைய பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புதிய பேட்டின் முழுத் தடிமனுக்கு இடம் வேண்டுமானால் அதை உள்ளே தள்ள வேண்டும். பட்டறைகளில் டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவே பெரிய திருப்புளியை நுழைத்து நெம்புவதை நானே பார்த்திருக்கிறேன். வேகமான வழிதான், ஆனால் டிஸ்க்கின் முகத்தில் கீறலும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் கிழிசலும் விழ வாய்ப்புண்டு. தச்சு வேலைக்கு விற்கும் 6 இன்ச் கிளாம்ப், எஸ்பி ரோடில் 380 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய உள்பக்க பேட்டை பிஸ்டன் மேலேயே வைத்து, அதன் மேல் திருகை நிறுத்தி, மெதுவாக, கால் கால் சுற்றாக இறுக்கினால் பிஸ்டன் கோணாமல் நேராக உள்ளே போகும். நடுவில் கை அசையாமல் நின்றுவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். பிஸ்டன் துரு பிடித்து இறுகியிருக்கலாம், அப்போது அது பேட் வேலை இல்லை, கேலிப்பர் வேலை.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அதன் பின்னால் இருக்கும் பிரேக் ஆயில் வந்த வழியே திரும்பி, பானெட்டுக்கடியில் இருக்கும் சிறு டப்பாவில் ஏறும். இடையில் யாராவது டப்பாவை நிரப்பி வைத்திருந்தால் அது வழியும், வழிந்த இடத்தில் பெயின்டைத் தின்றுவிடும். மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி ஊசிக்குழாயால் முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டேன், சிந்தினால் உடனே கழுவ. ஆயில் என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இனமே இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம் அது. புதிய டாட் 3 திரவம் 205 டிகிரி வரையும், டாட் 4 திரவம் 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை முறையே 140, 155 டிகிரியாக இறங்குகிறது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வரும் வண்டியில் திரவம் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றிவிட்டு, ரப்பர் வாசர்கள் அத்தனையும் ஊதிப்போய், கடைசியில் பிரேக் அமைப்பையே மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆயில் என்ற சொல் அவருக்குச் செய்த கெடுதல் அது.

இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைந்த விலையில் மிக அதிகம் உழைப்பது எது என்று கேட்டால், சறுக்குப் பின்னுக்குப் போடும் சிலிக்கான் கிரீஸ் என்பேன். என் வண்டியின் இடப்பக்கம் கழற்றியபோது வெளிப்பக்க பேட்டில் 5 மில்லிமீட்டர் மிச்சம், உள்பக்கத்தில் 2-தான். ஒரே சக்கரத்தின் இரண்டு பேட்களுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், கேலிப்பர் சறுக்கவில்லை என்று பொருள்; பின்னை இழுத்துப் பார்த்தேன், உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து காப்பித்தூள் போலக் கொட்டியது. பேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னைக் கவனிக்காமல் விட்டிருந்தால் புதிய உள்பக்க பேட்டும் அதே வேகத்தில் தேய்ந்திருக்கும். பட்டறையில் கைக்கெட்டும் மஞ்சள் கிரீஸைத் தடவிவிடுவார்கள். தாது எண்ணெயில் செய்த அந்த கிரீஸ் பின்னின் ரப்பர் உறையை ஊதவைத்து, முன்பைவிட அதிகமாக இறுக்கிவிடும். ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும், வெப்பத்தைத் தாங்கும் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சிறிய டியூப் பல வருடம் வரும். பேட்டின் காது உட்காரும் தகடுகளைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சுத்தம் செய்து, அங்கேயும் மெல்லிய ஒரு பூச்சு. பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ பொட்டளவுகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். பெட்ரோல் துணியால் துடைப்பது நம் ஊர் வழக்கம், அது ரப்பருக்கும் ஆகாது, மூக்குக்கும் ஆகாது, நெருப்புக்கு மட்டும் ஆகும்.

அந்தக் கருப்புப் புழுதியை வாயால் ஊதுவதும் வழக்கம்தான். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. முகக்கவசமும் ஈரத்துணியும் இருக்க ஊதுவானேன்.

அப்பாவின் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில், தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்று இருந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அளப்பது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பேட்டை அளக்கும்போது இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் உராயும் பொருளின் தடிமனை மட்டும் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாற்றும் நேரம். டிஸ்க்குக்கும் எல்லை உண்டு. குறைந்தபட்சத் தடிமனை அதன் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ பொறித்திருப்பார்கள், துருவைத் துடைத்தால் தெரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பேட் தொடாத வெளிவிளிம்பு தேயாமல் ஒரு வரப்பு போல நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் தடிமனாகக் காட்டிவிடும். மைக்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. என்னைப் போன்றவர்கள் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை முதலில் தனியாக அளந்துவிட்டு, அவற்றை டிஸ்க்கின் இருபுறமும் வரப்புக்கு உள்ளே வைத்து, சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளலாம். சுற்றிலும் நான்கைந்து இடங்களில் அளந்தேன். எல்லைக்கு மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமாகவே இருந்தது. எஸ்டிமேட்டோடு வாய்மொழியாகச் சேர்க்கப்பட்டிருந்த "டிஸ்க்கும் போயிடும் சார்" என்ற வாக்கியம் அதோடு அடங்கியது.

மேஸ்திரியோடு நான் வாதாடிய ஒரே கருவி டார்க் ரெஞ்ச். நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்று எண்ணில் அமைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் கிளிக்கென்று சொல்லும் ஸ்பேனர் அது. "கைக்குத் தெரியாததா அதுக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்தார். அவர் கைக்குத் தெரியலாம். என் கைக்குத் தெரியாது என்பதைக் கணக்குப் போட்டே அவருக்குக் காட்டினேன். என் வண்டியின் சக்கர நட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் போதும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள எல் ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 29 கிலோ எடை வைத்தால் அந்த அளவு வந்துவிடும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றாலோ 206 நியூட்டன் மீட்டர். அதாவது, பத்திரமாக இருக்கட்டும் என்று ஏறி மிதிப்பவர், நட்டு ஏறும் திருகாணியான ஸ்டட்டைத் தேவையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையில் இறுக்கி அதன் மரையைக் கெடுக்கிறார். கேலிப்பர் போல்ட்டோ இன்னும் மென்மையானது; என் வண்டியில் அதற்கு 30-க்கும் கீழே. இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆவலோடு வாங்கிய அரை இன்ச் ரெஞ்ச் 40 முதல் 200 வரை மட்டுமே அளக்கும். சிறிய போல்ட்டுக்கு அது செவிடு. அதற்கு 3/8 இன்ச் அளவில் சிறிய ரெஞ்ச் தனியாக வேண்டும். அதைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மச்சான் இரவல் வாங்கித் தந்தான். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதைக் கொண்டு இறுகிய நட்டைத் தளர்த்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

கருவி இல்லாவிட்டால் தொடவே கூடாத இடமும் உண்டு. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில், கைபிரேக்கின் பொறியமைப்பு கேலிப்பருக்குள்ளேயே இருக்கலாம். அந்த பிஸ்டனை நேராகத் தள்ள முடியாது. அழுத்திக்கொண்டே திருக வேண்டும், அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. சி கிளாம்பால் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். பொத்தானால் இயங்கும் மின்சாரக் கைபிரேக் என்றால், முதலில் ஸ்கேனரைச் செருகி மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். மேல்வீட்டுக்காரர் என் உற்சாகத்தைப் பார்த்துத் தன் புதிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவைத் திறந்து அந்தப் பொத்தானைப் பார்த்ததும், "இதுக்கு என்கிட்ட சாமான் இல்ல சார்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட் 1,350, ஸ்டாண்ட் ஒரு ஜோடி 2,100, டார்க் ரெஞ்ச் 2,900, கிளாம்ப், மெல்லிய ஸ்பேனர், கம்பி பிரஷ், கிளீனர், கிரீஸ், கால் லிட்டர் டாட் 4, முட்டுக்கட்டை எல்லாம் சேர்த்து 1,800. மொத்தம் 8,150. எஸ்டிமேட்டைவிடக் குறைவு என்று மார்தட்டிக்கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த எஸ்டிமேட்டில், என் வண்டியில் இல்லாத பின்பக்க பேட்டின் விலையும் இருந்தது. நேர்மையான பட்டறை இதைவிடக் குறைவாகவே கேட்டிருக்கும். அடுத்த முறை பேட் மட்டும் வாங்கினால் போதும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை.

அரை மணி நேர வேலை எனக்கு ஐந்து மணி நேரம் எடுத்தது. அதில் ஒரு மணி நேரம் சிவாஜிநகர் ஆட்டோவில் போனது. எல்லாம் மாட்டி முடித்து, இன்ஜினைப் போடுவதற்கு முன் பெடலை மிதித்தால் அது தரையைத் தொட்டது. பயப்பட வேண்டியதில்லை, பிஸ்டன் புதிய பேட்டைப் போய்ச் சேரும் வரை அப்படித்தான் இருக்கும். ஏழெட்டு முறை மிதித்ததும் கல்லாக நின்றது. இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தி, வாசல் கதவில் இடித்தவர்கள் உண்டு. டப்பாவில் அளவு பார்த்து மூடிவிட்டு, மறுநாள் ஞாயிறு காலை 6 மணிக்குப் பழைய மெட்ராஸ் சாலையில் இறங்கினேன். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை. இடையிடையே ஆற விட்டேன். பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிவதற்கு இது தேவை. பின்னால் வண்டி இல்லாத சாலை இந்த நகரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும்.

சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மர்ஃபி டவுனிலிருந்து கிருஷ்ணகிரி கிட்டத்தட்ட அந்தத் தொலைவு. போகிக்கு முந்தைய நாள், ஓசூர்ச் சாலை நெரிசலைக் கடந்து கிருஷ்ணகிரியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, சக்கரம் ஆறும் வரை இரண்டு டீ குடித்தேன். பிறகு டிக்கியிலிருந்து ரெஞ்சை எடுத்து 85-இல் வைத்து, எதிரெதிர் வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கடைக்காரர் பாத்திரத்தைக் கழுவியபடியே, "பஞ்சராண்ணே?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மா" என்றேன். முன்சக்கரங்கள் இரண்டிலும் எட்டு நட்டு. எட்டும் அசையாமல் கிளிக்கென்றன. ரெஞ்சைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, தொப்பூரை நோக்கிக் கிளம்பினோம்.